நெய்வேலிக்கு நாள் குறிக்குமுன்



தலைக்குமேல் சுழலும் மின்விசிறியை ஒரு கணம் அண்ணாந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, உண்ட களைப்பு, கையிலே இந்த ஏடு, மேலே விசிறி. விசிறியிலே என்னய்யா அரசியல் என்று கேட்பீர்கள். இருக்கிறது! பழைய மாதிரி விசிறி ஒன்று இரவும் பகலுமாக ஒரு நாள் முழுதும் சுழன்றால் ஏறத்தாழ இரண்டு யூனிட் மின்சாரம் தீரும். அந்த இரண்டு யூனிட்டும் நிலக்கரியிலே பிறந்தவையாயின், எங்கோ ஓர் ஊரில், எவர் வீட்டுக் கூரைக்கோ மேலாக, இரண்டு கிலோ கரியமிலவாயு வானேறியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு எட்டாது. ஆயினும் ஏறியது ஏறியதுதான். அதை இறக்கிவைக்க எவராலும் எளிதில் ஆகாது.

ஒரு யூனிட்டுக்கு ஒரு கிலோவா என்று மலைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்து வேதியியல்தான். 12 பங்கு கரியுடன் 32 பங்கு பிராணவாயு கூடினால் 44 பங்கு கரியமிலவாயு. ஒரு டன் தூய கரி எரிந்தால் மூன்றரை டன்னுக்கும் மேற்பட்ட வாயு பிறக்கும். போதாக்குறைக்கு, நம் நாட்டு அனல்மின் நிலையங்களிற் பெரும்பாலானவை, எரிக்கும் கரியின் வெப்பத்தில் நூற்றில் 35 பங்கு அளவையே மின்சாரமாக்குகின்றன. எஞ்சிய 65 பங்கு? குளிர்விப்புக் கோபுரத்தின் நீராவியாகவும், புகைபோக்கியின் வெப்பமாகவும் போய்ச் சேருகிறது. மூன்று படி அரிசி வாங்கி, ஒரு படியைச் சமைத்துவிட்டு, இரண்டு படியை வாய்க்காலில் கொட்டும் இல்லத்தரசியைக் கண்டால் ஊர் என்ன சொல்லும்?

இந்தக் கரிப்புகையைக் குறைத்தாக வேண்டும் என்று உலகம் பேசுகிறது. மாநாடு கூட்டிப் பேசுகிறது. நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால், குறைப்பது எப்படி என்று கேட்போர் பலர். அந்தக் குறைப்பின் விலையை எவர் தலையில் வைப்பது என்று கேட்போர் சிலரே. இரண்டாவது கேள்விதான் இன்று நான் உங்கள் முன் வைப்பது. அதற்கு நெய்வேலியைக் காட்டிலும் ஏற்ற இடம் எனக்குத் தெரியவில்லை.

1935-ஆம் ஆண்டு, ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீரோடு கரிய பொருளும் மேலே வந்தது என்பது அந்த ஊரின் தொடக்க வரலாறு. பின்னர் ஆய்வு நடந்தது. அவர் தம் நிலத்தையும் வழங்கினார். 1956-இல் நிறுவனம் எழுந்தது. 1957 மே திங்கள் 20-ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அப்போது முதலமைச்சர் காமராசர். 1962-இல், சோவியத் நாட்டின் துணையோடு நிறுவப்பட்ட முதல் அலகு 50 மெகாவாட் மின்சாரம் தந்தது. இன்று 50 என்றால் சிரிப்பீர்கள். அன்று அது சிரிப்புக்குரிய எண்ணன்று. பைகாராவும் மேட்டூரும் மழையை நம்பிச் சுழன்ற காலம். வானம் பொய்த்தால் ஆலை நிற்கும். ஆலை நின்றால் அடுப்பு நிற்கும். அந்த நாளில், மழையை எதிர்பாராமல் மண்ணுக்கடியிலிருந்து மின்சாரம் எடுத்துக் கொடுத்த ஊர் நெய்வேலி. தமிழகத்துச் சிற்றூர்களில் பம்புசெட்டு ஓடியதற்கும், குடிசையிலே விளக்கு எரிந்ததற்கும் அந்த ஊர் செய்த தொண்டை மறந்துவிட்டு, இன்று எழுந்து நின்று, "நெய்வேலி நஞ்சு" என்று பேசுவாரானால், அவர் நன்றி கொன்றவர்.

நன்றி என்பது வேறு. கணக்கு என்பது வேறு. கணக்கையும் பார்த்துவிடுவோம்.

நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். ஒரு கிலோ நல்ல கருநிலக்கரி தரும் வெப்பத்தில் பாதிகூடத் தராது. ஆகவே ஒரு யூனிட்டுக்கு எரிக்க வேண்டிய கரியும் மிகுதி. எழும் வாயுவும் மிகுதி. ஒரு டன் கரியை எடுக்க ஐந்து கனமீட்டருக்கும் மேற்பட்ட மண்ணை அகற்ற வேண்டும். கரிப்படுகைக்கு அடியிலோ அழுத்தத்துடன் நிற்கும் ஊற்றுநீர். அதை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் சுரங்கமாயிருக்கும். நிறுத்தினால் ஏரியாகிவிடும். சுற்றுப்புறத்து உழவர், கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமோ?

கரியமிலவாயு பூமியின் வெப்பத்தைப் போர்வைபோலத் தடுக்கும் என்பது நேற்று முளைத்த கதையன்று. 1859-இல் ஜான் டிண்டல் சோதனைச்சாலையிலே காட்டினார். 1896-இல் அர்ரேனியஸ் காகிதத்தில் கணக்குப் போட்டார். 1958-இல், ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கு. ஆலைப் புரட்சிக்கு முன் அது 280. 2024-இலோ 420-ஐத் தாண்டிவிட்டது. நெய்வேலிச் சுரங்கத்துக்கு முதல் மண் வெட்டிய காலத்துக்கும் இன்றைக்கும் இடையில், ஒரு மனிதரின் ஆயுளுக்குள், இந்த மாற்றம் நடந்திருக்கிறது.

காற்றின் வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், அது தாங்கக்கூடிய ஈரம் நூற்றுக்கு ஏழு பங்கு உயரும். அந்த ஈரம் கொட்டும்போது கொட்டித் தீர்க்கும். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சுரங்கத்துக்குள்ளும் நீர் புகுந்தது. அந்த மழைக்கு அந்தப் புகைபோக்கிதான் காரணம் என்று சொல்லும் மூடனல்லன் நான். எந்த ஒரு மழையையும் எந்த ஓர் ஊர்ப் புகையோடும் முடிச்சுப் போட முடியாது. ஆனால் உலகத்துப் புகையெல்லாம் சேர்ந்து மழையின் குணத்தையே மாற்றும்போது, அதன் அடியை முதலில் வாங்குகிறவர் மாடிவீட்டுக்காரரா, தாழ்வான தெருவிலே குடிசை போட்டிருப்பவரா? இதற்கு விஞ்ஞானி தேவையில்லை. கடலூரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்.

"அதெல்லாம் சரி, வெள்ளைக்காரன் எரித்து எரித்துக் கொழுத்தான். இப்போது நம்மைப் பார்த்து எரிக்காதே என்கிறான். இது என்ன நியாயம்?" என்று சினத்தோடு கேட்கும் தோழர்களை நான் அறிவேன். நியாயமான சினம். இதுவரை மனிதகுலம் வானில் ஏற்றிய கரியமிலவாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றினுடையது. உலக மக்களில் ஆறில் ஒருவருக்கும் மேல் வாழும் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு மூன்று நான்குதான். இன்றும்கூட, ஓர் அமெரிக்கர் ஓராண்டில் விடும் கரியமிலவாயு ஓர் இந்தியர் விடுவதைப் போல் ஆறேழு மடங்கு. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், நிலக்கரியை "ஒழிப்பது" என்னும் சொல்லை எடுத்துவிட்டுப் "படிப்படியாகக் குறைப்பது" என்று எழுதவேண்டும் என இந்தியா வாதாடியது. உலகம் முகம் சுளித்தது. நான் சுளிக்கவில்லை. ஏழை நாட்டுக்கு அந்தச் சொல் தேவையாயிருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். "குறைப்பது" என்று மாநாட்டிலே வாதாடி வாங்கிய சொல்லுக்கு ஊரிலே என்ன பொருள்? எந்த அலகை, எந்த ஆண்டில், எவ்வாறு? 2023 சனவரியில் மத்திய மின்சார ஆணையம் அனல்மின் நிறுவனங்களுக்கு எழுதியது என்ன? 2030 முடியும்வரை எந்தப் பழைய அலகையும் மூடவேண்டாம் என்பது! கோடையில் மின்பற்றாக்குறை வருமே என்ற அச்சம் அவர்களுக்கு. அதிலும் பொருளில்லாமல் இல்லை. எனினும், வெளிநாட்டு மேடையில் ஒரு சுருதி, உள்நாட்டுக் கடிதத்தில் ஒரு சுருதி என்றிருந்தால், கேட்கிறவன் எந்தத் தாளத்துக்கு ஆடுவான்?

குறைப்பதற்கு வழி மூன்று சொல்வார்கள். ஒன்று, திறமையாக எரிப்பது. நெய்வேலியிலேயே இதற்குச் சான்று உண்டு. 1962-இல் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட்டாக வளர்ந்து, அரைநூற்றாண்டுக்கு மேல் உழைத்து, 2020 செப்டம்பரில் முற்றிலும் ஓய்ந்தது. அதன் இடத்தை நிரப்ப 500 மெகாவாட் அலகுகள் இரண்டு எழுந்தன. புதிய கொதிகலன், புதிய சுழலி. யூனிட்டுக்கு எரியும் கரி குறைந்தது. மகிழ்ச்சி! ஆனால் 600 இருந்த இடத்தில் 1,000 வந்துவிட்டதே! யூனிட்டுக்குப் புகை குறைந்தது, யூனிட்டுகள் பெருகின. 1865-இலேயே ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜெவான்ஸ் இதைச் சொன்னார். திறமையான இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்றார். அவர் வாக்கு நெய்வேலியிலும் பலித்தது.

இரண்டாவது வழி, புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்து அடைப்பது. கேட்க இனிமையாக இருக்கும். கனடாவில் பவுண்டரி டாம் என்னுமிடத்தில், நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரி எரிக்கும் நிலையத்தில், 2014 அக்டோபரில் இதைத் தொடங்கினர். ஆண்டுக்குப் பத்து இலட்சம் டன் பிடிப்போம் என்றனர். அந்த அளவை எட்ட முடியாமல் ஆண்டுக்கணக்கில் திணறினர். பிடிப்பதற்கே நிலையத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. ஏன், நம் தூத்துக்குடியிலும் ஒரு முயற்சி நடந்தது. சோடா உப்புத் தொழிற்சாலை ஒன்று தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமிலவாயுவைப் பிரித்தெடுக்கும் ஏற்பாட்டை 2016-இல் நிறுவி உலகத்தின் கண்ணைக் கவர்ந்தது. பாராட்டுக்குரிய முயற்சிதான். ஆனால் 1,000 மெகாவாட் நிலையம் ஒன்று மூன்று நான்கு நாட்களில் விடும் வாயு அது! அன்றியும், சோடா உப்பு கண்ணாடித் தொழிற்சாலை உலைக்குப் போனால், பிடித்த வாயு மீண்டும் காற்றில்தான். குடத்து நீரைக் கரண்டியால் மொண்டு தோட்டம் பாய்ச்சுவது போன்றது இது.

ஆக, மூன்றாவது வழிதான் வழி. எரிப்பதைக் குறைத்து, அந்த இடத்தைக் காற்றாலும் கதிரவனாலும் நிரப்புவது. இங்கே தமிழ்நாடு எவருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாயிலே வீசும் காற்று முப்பந்தலை நாடறியச் செய்தது. இன்று நம் மாநிலத்தில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. சிக்கல் எங்கே? ஆனி, ஆடி, ஆவணியில் காற்று சுழற்றி அடிக்கும். நள்ளிரவில் வாங்குவார் இல்லாத மின்சாரம் கம்பியிலே வந்து மோதும். மார்கழியில் காற்று உறங்கும். கதிரவனோ, வீடுகளில் விளக்கேற்றும் நேரம் பார்த்துக் கடலுக்குள் போய்விடுவான். அந்த மாலை நேரத்துக்காகவே அனல்மின் நிலையங்களைப் பகலெல்லாம் அணையவிடாமல் காக்கிறார்கள். கொதிகலனை நினைத்தபோது அணைத்து நினைத்தபோது மூட்ட முடியாது, விறகடுப்பா அது? 55 விழுக்காட்டுக்குக் கீழே சுமையைக் குறைக்கத் தயங்கினர். 40 வரை இறங்கும் திறன் வேண்டும் என்று 2023-இல் விதி வந்தது. அப்படி இறங்கினால் காற்றுக்கும் கதிருக்கும் வழி விடலாம். இறங்குவதற்கு இயந்திரத்தில் மாற்றம் வேண்டும். மாற்றத்துக்குப் பணம் வேண்டும். பணத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம், பொறுங்கள்.

மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியாது என்பார்க்கு ஒரு செய்தி. வால்பாறைப் பக்கத்து ஆனைமலையில், மலையைக் குடைந்து அமைத்த காடம்பாறை மின்நிலையத்தை எத்தனை பேர் அறிவீர்கள்? மின்சாரம் மிகும்போது கீழணையின் நீரை மேலணைக்கு ஏற்றுவது. பற்றாக்குறை நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுப்பது. 400 மெகாவாட். 1980-களின் இறுதியிலேயே, இன்றைக்கு உலகம் வியந்து பேசும் வேலையை நம் மின்வாரியப் பொறியாளர்கள் செய்து காட்டிவிட்டனர். அதன் பிறகு? குந்தாவில் 500 மெகாவாட்டுக்குத் தொடங்கிய வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. நாற்பதாண்டுகளுக்கு முன் முன்னே நின்றவர்கள், பின்பு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டோம். இதற்குப் பழியை எந்த ஒரு கட்சியின் தலையிலும் முழுதாகக் கட்ட எனக்கு மனமில்லை. ஆண்டவர் அனைவருக்கும் பங்கு உண்டு.

சரி, நாளையே காற்றும் கதிரும் சேமிப்பும் கைகூடிவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். நெய்வேலியின் கதி?

இங்கேதான், தோழரே, நாம் விழிப்பாக இருக்க வேண்டும். நெய்வேலி நிறுவனமே 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய ஒளி மின்நிலையங்களை அமைத்திருக்கிறது. அவற்றிற் பெரும்பகுதி எங்கே? விருதுநகர், இராமநாதபுரம், திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசலிலும் செம்மண்ணிலும். நிறுவனம் வாழும், பங்குதாரர் வாழ்வார், கணக்கேட்டில் கரி குறையும். ஆனால் சுரங்கத்து மண்சரிவிலே நின்று கன்வேயர் பட்டைக்கு அடியில் கரித்தூள் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி, கமுதிக்குப் போய்க் கண்ணாடித் தகட்டைத் துடைப்பானா? துடைக்கத்தான் எத்தனை பேர் வேண்டும்? ஆயிரம் பேர் வேலை செய்த இடத்திலே ஐம்பது பேர். அந்த ஐம்பதிலும் நெய்வேலிக்காரன் ஒருவன் இருந்தால் வியப்பு.

பிற நாடுகள் என்ன செய்தன? பிரிட்டனைப் பாருங்கள். உலகிலேயே பொதுமக்களுக்காக முதன்முதல் நிலக்கரி மின்நிலையம் எழுந்த நகரம் இலண்டன். ஹோல்பர்ன் பாலத்தருகே, 1882-இல், எடிசனின் ஏற்பாட்டில். அதே நாடு 2024 செப்டம்பர் 30-ஆம் நாள், நாட்டிங்ஹாம்சயரின் ராட்கிளிஃப் நிலையத்தை நிறுத்தித் தன் கடைசி நிலக்கரி மின்சாரத்துக்கு விடைகொடுத்தது. 2012-இல் மின்சாரத்தில் நூற்றுக்கு நாற்பது பங்கு நிலக்கரி. பன்னிரண்டே ஆண்டுகளில் சுழி! கரியமிலவாயுவுக்கு 2013-இல் விலை விதித்தனர், எரிப்பது நட்டமானது, எரிப்போர் விட்டனர். உலகம் கைதட்டியது. கைதட்டியோர் ஒன்றை மறந்தனர். அந்த நாட்டின் சுரங்கத் தொழிலாளர் கதை அதற்கு முப்பதாண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. 1984 மார்ச்சு முதல் 1985 மார்ச்சு வரை ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து, பட்டினி கிடந்து, தோற்றுத் திரும்பினர். குழிகள் அடுத்தடுத்து மூடப்பட்டன. வடக்கு இங்கிலாந்திலும் வேல்சிலும் எத்தனையோ சிற்றூர்கள், அப்பன் செய்த தொழில் மகனுக்கு இல்லாமல், வேறொன்றும் முளைக்காமல், சோர்ந்து கிடந்தன. அங்கே குழியை மூடியது காலநிலைக் கவலையன்று, கணக்குப் புத்தகம். ஆனால் குழி மூடியபின் ஊர் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

ஜெர்மனி வேறு வழி சென்றது. நெய்வேலியின் மண்வெட்டும் வாளிச்சக்கர இயந்திரங்கள் அந்த நாட்டிலிருந்து வந்தவை என்பதால், இந்த ஒப்பீடு பொருந்தும். அங்கும் பழுப்பு நிலக்கரி. அங்கும் திறந்தவெளிச் சுரங்கம். தொழிற்சங்கம், ஆலைமுதல்வர், சுற்றுச்சூழலார், சுரங்கப் பகுதி மக்கள் அனைவரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துப் பேசினர். 2020-இல் சட்டம் இயற்றினர். 2038-க்குள் நிலக்கரி மின்சாரம் முடியும். அதற்குள், சுரங்கப் பகுதிகளைப் புதுவாழ்வுக்குத் தயார் செய்ய 4,000 கோடி யூரோ வரை வழங்கப்படும். எந்த நிலையம் எந்த ஆண்டில் நிற்கும் என்பது சட்டத்தோடு சேர்ந்த பட்டியலிலே இருக்கிறது. ஜெர்மனியைத் தெய்வமாக்க நான் முனையவில்லை. அதே நாட்டில்தான் 2023 சனவரியில் லுட்செராத் என்னும் சிற்றூரை, சுரங்கம் விரிவதற்காகக் காவலர் துணையோடு இடித்தனர். ஆயினும், நாளும் பணமும் முன்கூட்டியே எழுத்தில் வந்தன. அதைத்தான் கவனியுங்கள்.

"அவர்கள் பணக்கார நாடு, நம்மிடம் ஏது பணம்?" என்பீர்கள்.

இருந்தது! வாங்கினார்கள்! உங்களிடமும் என்னிடமும் வாங்கினார்கள்!

2010-இல் மத்திய அரசு நிலக்கரி மீது டன்னுக்கு 50 ரூபாய் மேல்வரி விதித்தது. பழுப்பு நிலக்கரிக்கும் உண்டு. தூய்மையான எரிசக்திக்குச் செலவிடுவோம் என்றனர்; அதற்கென்று ஒரு நிதியமும் அமைத்தனர். 2014-இல் 100 ஆயிற்று. 2015-இல் 200. 2016-இல் 400. எவரும் எதிர்க்கவில்லை, நோக்கம் நல்லதாயிற்றே! டன்னுக்கு 400 என்றால், யூனிட்டுக்கு 25 பைசா அளவு. பழுப்பு நிலக்கரியானால் அதற்கும் மேல். அது மின்கட்டணத்தின் வழியாக உங்கள் வீட்டு அட்டையிலே வந்து சேர்ந்தது. தலைக்குமேல் சுழலும் விசிறியும் அந்த வரியைக் கட்டியது.

2010-க்கும் 2018-க்கும் இடையில் இப்படிச் சேர்ந்த தொகை 86,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்த நிதியத்துக்குப் போய்ச் சேர்ந்தது 30,000 கோடிக்கும் குறைவு. உண்மையில் திட்டங்களுக்குச் செலவானது 16,000 கோடிக்கும் குறைவு. 2017-இல் சரக்கு சேவை வரி வந்ததும், அந்த 400 ரூபாய், மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் கணக்குக்குத் திருப்பப்பட்டது. ஈடு பெற்ற மாநிலங்களுள் நம் மாநிலமும் ஒன்று. ஆகவே இதில் நம் கை முழுத்தூய்மை என்று மார்தட்ட முடியாது. 2025 செப்டம்பரில் அந்த மேல்வரியையே எடுத்துவிட்டு, நிலக்கரிக்குச் சரக்கு சேவை வரியை 5 விழுக்காட்டிலிருந்து 18-ஆக உயர்த்தினர். பணம் இன்றும் வருகிறது. "தூய்மை" என்ற பெயர்தான் போய்விட்டது. பொதுக் கணக்கிலே கலந்துவிட்டது.

வாங்கிய வரியில் பத்தில் ஒரு பங்கை, நிலக்கரி வெட்டும் மாவட்டங்களின் நாளைய வாழ்வுக்கென்று தனியே எடுத்து வைத்திருந்தால்கூட எட்டாயிரம் கோடி. சிங்கரேணிக்கும் தன்பாத்துக்கும் கோர்பாவுக்கும் நெய்வேலிக்கும் பங்கிட்டுத் தந்திருக்கலாம். கொதிகலனை 40 விழுக்காட்டுக்கு இறக்கும் மாற்றத்துக்குக் கடன் தந்திருக்கலாம். குந்தா போன்ற வேலைகளை விரைவுபடுத்தியிருக்கலாம். புகையைக் குறைக்கவென்று வாங்கிய பணத்தைப் புகைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் செலவிட்டுவிட்டு, நாளைக்கு வந்து, "பணமில்லை, ஆனால் மூடித்தான் ஆகவேண்டும், தொழிலாளர் தியாகம் செய்யவேண்டும்" என்று சொல்வாரானால், அன்றைக்கு இந்தக் கணக்கை எடுத்து முன்னே வையுங்கள். தியாகமாம்! ஏற்கெனவே செய்தவர்களிடம் இன்னொரு முறை கேட்பதா?

செய்தவர்கள் என்று ஏன் சொல்கிறேன்? நெய்வேலிக்கு நிலம் கொடுத்தவர்கள் விற்றவர்களல்லர்; எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள். வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்ற நம்பிக்கையில் ஊரைவிட்டு எழுந்தவர்களின் பேரர்கள், இன்றும் அந்த வேலையை நிலையாகப் பெறாமல் ஒப்பந்தக்காரரின் கீழே நிற்கிறார்கள். 2023 சூலை 26-ஆம் நாள், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, பயிர் நின்ற நெல்வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே எங்களுடையது, விலை கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். சட்டப்படி இருக்கலாம். ஆனால் சோற்றிலே கைவைக்கும் தமிழன் எவனும் அந்தக் காட்சியைக் கண்டு கலங்காமல் இருந்திருக்க முடியாது. அறுவடைக்குப் பொறுத்திருக்கக் கூடாதா?

கரிக்காக வயலை இழந்தவர்கள், கரி வேண்டாம் என்ற காலம் வரும்போது வேலையையும் இழந்தால், ஒரே குடும்பம் இருமுறை விலை கொடுக்கிறது. முதல் முறை நாட்டின் வெளிச்சத்துக்காக. இரண்டாம் முறை உலகின் குளிர்ச்சிக்காக. இரண்டு முறையும் இரசீது மட்டும் வேறு எவர் பெயரிலோ!

இன்னொன்றும் உண்டு, இதுதான் அவசரமானது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் எழுந்த இரண்டாம் அனல்மின் நிலையம் 210 மெகாவாட் வீதம் ஏழு அலகுகள், 1,470 மெகாவாட் கொண்டது. வயதாகிவிட்டது. அதற்குப் பின் பழுப்பு நிலக்கரியிலேயே 660 மெகாவாட் அலகுகள் இரண்டு அமைக்கும் திட்டம் நெடுநாளாகப் பேசப்பட்டு வருகிறது. புதிய அலகு ஒன்று எழுந்தால் முப்பது நாற்பதாண்டு எரியும். போட்ட முதலை எடுக்க எரிந்தே தீரவேண்டும். அதாவது 2060-களைத் தொடும். நாடு நிகரப் புகையைச் சுழியாக்கப் போவதாகக் கிளாஸ்கோவில் சொன்ன ஆண்டோ 2070. இன்று வைக்கும் செங்கல் நம் பேரப்பிள்ளைகளின் கையைக் கட்டிவிடும். அந்த அலகுகளுக்குக் கரி வேண்டுமென்று நாளைக்கு இன்னும் சில ஊர்களின் பெயரை எழுதுவார்கள். கூடாது என்பது என் கருத்து. ஏழு அலகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓயட்டும். அதற்கு முன், சட்டமும் பணமும் வரட்டும். சுரங்கம் மூடிய நிலத்தில் மண் நிரப்பி, மரம் வைத்து, சூரியத் தகடு வைத்து, சேமிப்பு மின்கலத் தொழிற்சாலை வைத்து, அந்த வேலைகளில் நிலம் கொடுத்த குடும்பத்தாருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் முதலுரிமை என்று ஏட்டிலே எழுதட்டும். எழுத்தில் வராத வாக்குறுதியின் மதிப்பை நெய்வேலி மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

2013-இல் இந்த நிறுவனத்தின் பங்குகளை வெளியே விற்க மத்திய அரசு முனைந்தபோது, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கின. ஆகவே சென்னைக் கோட்டைக்கும் இந்த நிறுவனத்திலே சொல்லும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தச் சொல்லி நம் சட்டமன்ற உறுப்பினர்களை, எந்தக் கட்சியினராயினும், நாம் நெருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் அனுமதிக்காக மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கூட்டுவார்கள். பந்தல் போடுவார்கள், பன்னீர் தெளிப்பார்கள், முதல் வரிசையில் நாற்காலி நிரம்பியிருக்கும். கடலூர் மாவட்டத்துத் தோழர்கள் கட்டாயம் போகவேண்டும். கூச்சல் வேண்டாம். ஏழு அலகுகளில் முதலில் நிற்கப்போவது எது, எந்த ஆண்டில் என்று கேளுங்கள். நிற்கும் நாளுக்கென்று எந்தக் கணக்கில் எவ்வளவு பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். அந்த அலகுகளிலும் சுரங்கங்களிலும் இன்று வேலை செய்வோரின் முழுப் பெயர்ப்பட்டியல், ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட, யாரிடம் இருக்கிறது, நிறுவனத்திடமா, ஒப்பந்தக்காரர்களிடமா என்றும் கேளுங்கள். முதல் இரண்டுக்கும் ஏதேனும் மழுப்பலான விடை கிடைக்கும். மூன்றாவதற்கு விடை வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போங்கள்.